ஏழு கிலோ கணக்கு

ரயில்வே பார்சல் ஆபீசில் எடை போட்டே காலம் தள்ளியவள் நான். ரிட்டயர் ஆன பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. எங்கள் தெருவில் யார் மகளுக்காவது சிங்கப்பூரில் பேறுகாலம் என்றால், பெட்டி கட்டுகிற அன்று எனக்கு ஆள் வந்துவிடும். தொங்கவிட்டு நிறுக்கும் டிஜிட்டல் தராசு என்னிடம் இருப்பது ஒரு காரணம். ‘இதை எடு, அதை வை’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன் என்பது இன்னொன்று.

முதலில் நான் நிறுத்துப் பார்ப்பது காலிப் பையை. எல்லோரும் சிரிப்பார்கள். சக்கரம், இழுக்கும் கம்பி, கெட்டி ஓடு எல்லாம் சேர்ந்த டிராலி இரண்டரை, மூன்று கிலோ காட்டும்போது சிரிப்பு நின்றுவிடும். இண்டிகோவில் சாதாரண டிக்கெட்டுக்குக் கைப்பை 7 கிலோதான். அதில் பாதியைப் பெட்டியே சாப்பிட்டுவிட்டால் மிச்சம் என்ன? திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் ஸ்கூட்டில் 10 கிலோ. ஆனால் டிராலியும் தோளில் மாட்டும் பையும் சேர்த்துத்தான் அந்தப் பத்து. நீள அகலமும் பார்ப்பார்கள். இண்டிகோவில் 55, 35, 25 சென்டிமீட்டர். துணியில் தைத்த முதுகுப் பை ஒரு கிலோகூட வராது. முட்டிவலிக்காரர்களிடம் அதைச் சொல்ல மட்டும் எனக்கு மனம் வராது. நிமிர்த்தி இழுத்துப் போகிற இந்த டிராலியை 1987-இல் உருவாக்கியவர் ராபர்ட் பிளாத் என்ற அமெரிக்க விமானி. நம் ஊர் ஏழு கிலோ அவர் கனவிலும் வந்திருக்காது.

அடுத்தது, உள்ளே என்ன வைப்பது. விமானத்தின் அடியில் போடக் கொடுக்கும் பெரிய பெட்டியில் இடம் பற்றாததையெல்லாம் கைப்பையில் திணிப்பதுதான் நம் வழக்கம். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். பெரிய பெட்டி இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தாலும் இந்தப் பையை வைத்துக்கொண்டு ஓட்ட முடியவேண்டும். ஒரு செட் மாற்றுத் துணி, கண்ணாடி, சார்ஜர், பாஸ்போர்ட், மகள் வீட்டு முகவரியும் போன் நம்பரும் எழுதிய தாள். போன் அணைந்துபோனால் அந்தத் தாள்தான் துணை.

மாத்திரைகள் முழுவதும் கையில்தான் இருக்கவேண்டும், மூன்று மாதத்துக்கு உரியது என்றாலும். காலை, இரவு என்று டப்பாவில் பிரித்துப் போடாமல், பெயர் தெரிகிற அட்டையாகவே, டாக்டர் சீட்டோடு வைக்கவேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் அடிவயிற்றில் குளிர் கூடி அது உறைந்துவிட்டால், திரும்ப உருகினாலும் மருந்து வேலை செய்யாது.

நகையும் அப்படித்தான். சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் விமான நிறுவனம் கொடுக்கவேண்டிய இழப்பீட்டுக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் பணத்தில் அது ஏறக்குறைய இரண்டு லட்சம்தான். போதாததற்கு, நகைக்கும் ரொக்கத்துக்கும் நாங்கள் பொறுப்பில்லை என்று பல நிறுவனங்கள் டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. கழுத்தில் போட்டது போக மிச்சம் கைப்பையில் இருக்கட்டும்.

இனி சமையலறை. கைப்பையில் திரவத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, சண்டை வருகிற இடம் இதுதான்.

“அக்கா, லேகியம் கெட்டியாத்தானே இருக்கு, இது எப்படித் தண்ணியாகும்?” என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். மகளின் பிரசவத்துக்காக அவளே கிண்டிய லேகியம், அரைக்கிலோ டப்பா.

“தடவினா ஒட்டுமா?”

“ஒட்டும்.”

“அப்ப ஏர்போர்ட்ல சோதிக்கிறவங்க கணக்குல அது தண்ணிதான். பெரிய பெட்டில போடு.”

நெய், ஊறுகாய், தேன், புளிக்காய்ச்சல், எண்ணெய், தைலம், பற்பசை எல்லாம் இதே கணக்குதான். வெளிநாட்டு விமானத்தில் ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேற்படாத டப்பாவில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஜிப் வைத்த கண்ணாடிப் பைக்குள் அடங்கவேண்டும். 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. அவர்கள் பார்ப்பது பாட்டிலின் அளவை. 2006 ஆகஸ்டில், வட அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களைக் குளிர்பான பாட்டிலில் அடைத்த திரவ வெடிபொருளால் தகர்க்கப் போட்ட திட்டத்தை லண்டனில் கண்டுபிடித்தார்கள். அன்றைய எக்ஸ்ரே கருவியால் அந்தத் திரவத்தையும் தண்ணீரையும் பிரித்துக் காட்ட முடியவில்லை. அந்தச் சதிக்காரர்களின் வினை இன்று நம் ஊறுகாய் ஜாடி மேல் வந்து விடிந்திருக்கிறது.

மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி கைப்பையில் வேண்டாம். கண்ணில் தூவினால் அது ஆயுதம். பெரிய பெட்டியில் தாராளமாகப் போகும்.

திருநெல்வேலி அல்வாவின் கதை வேறு. எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகத் தெரியும், உணவு, துணி, காகிதம் எல்லாம் ஆரஞ்சு, நடுவாந்தரமானவை பச்சை. வெடிமருந்தும் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் தெரியும். அடர்த்தியாக ஒரு கட்டி ஆரஞ்சு, பக்கத்திலேயே சார்ஜர் வயர் சுருண்டு கிடந்தால், திரைக்கு முன்னால் இருப்பவர் பையைத் திறக்கச் சொல்லாமல் என்ன செய்வார்? லேப்டாப்பைத் தனித்தட்டில் வைக்கச் சொல்வதும் இதனால்தான். அது தன் அடியில் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். எனவே வயர்கள் தனிப் பையில், லேப்டாப் எல்லாவற்றுக்கும் மேலே. அல்வாவைப் பெரிய பெட்டிக்கு மாற்றிவிட்டால் வரிசையில் பின்னால் நிற்பவர்களும் வாழ்த்துவார்கள்.

கொப்பரைத் தேங்காய் கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து மிகுந்த பொருள் என்பதால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்குகளின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். சூடமும் தீப்பெட்டியும் தடைதான். முழுத் தேங்காயைக் கைப்பையில் விடமாட்டார்கள். ஆனால் 2024-இல் சபரிமலை சீசனுக்காக மட்டும், இருமுடியில் இருக்கும் தேங்காயைச் சோதித்து உள்ளே விட விமானப் பாதுகாப்புத் துறை அனுமதித்தது. ஐயப்ப சாமிகளுக்குக் கிடைத்த சலுகை பிள்ளை பார்க்கப் போகும் பாட்டிகளுக்கு இல்லை.

பவர் பேங்க் மட்டும் நேர் எதிர். அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது, கையில்தான் வரவேண்டும். லித்தியம் பேட்டரி சூடேறிப் புகைந்தால் பயணிகள் இருக்கும் இடத்தில் யாராவது பார்த்து அணைக்கலாம். அடியில் சரக்கோடு சரக்காக எரிந்தால் பார்க்க ஆளில்லை. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. மேலே எழுதியிருக்கும் எம்ஏஎச் எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் விடை வரும்: 20,000 என்றால் 74. எண் அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். விமானத்துக்குள் அதை வைத்து சார்ஜ் போடுவதை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் போன்றவை 2025-இலேயே நிறுத்திவிட்டன.

கடைசியாக ஒன்று. சென்னை - தூத்துக்குடி போன்ற தடங்களில் பறக்கும் சிறிய ஏடிஆர் விமானங்களில் மேல் தட்டு குறுகல். டிராலியை வாசலிலேயே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். பெரிய விமானத்திலும் தட்டு நிரம்பிவிட்டால் இதே கதி. அந்த நேரத்தில் படியில் நின்றுகொண்டு பவர் பேங்கையும் மாத்திரையையும் தேடித் துழாவ முடியாது. அதனால் கைப்பைக்குள் ஒரு சின்னத் துணிப்பையைப் போட்டு, பாஸ்போர்ட், மருந்து, நகை, பவர் பேங்க் நான்கையும் அதிலேயே வைக்கச் சொல்கிறேன். டிராலியைக் கேட்டால் துணிப்பையை உருவித் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிடலாம். ஜவுளிக்கடையில் கொடுக்கும் மஞ்சப்பை போதும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சப்பையோடு சிங்கப்பூரில் இறங்கக் கூச்சமாம். மகளின் பழைய காலேஜ் பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.