நொய்யல் ஆறும் புவியியலின் கிளைகளும்

திருப்பூருக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை உள்ளது. பாசனத்திற்காகக் கட்டப்பட்டு 1992இல் முடிக்கப்பட்ட அணை இது. சில ஆண்டுகளிலேயே, அணை நீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. ஏன்? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றால் புவியியலின் ஏறக்குறைய எல்லாக் கிளைகளையும் நீங்கள் சந்தித்துவிடலாம்.

புவியியலை இரு பெரும் பிரிவுகளாகப் பகுப்பது வழக்கம். நிலம், நீர், காற்று ஆகியவற்றை ஆராய்வது இயற்கைப் புவியியல். மக்களின் வாழ்வும் தொழிலும் நிலத்தோடு கொண்டுள்ள உறவை ஆராய்வது மானிடப் புவியியல். நிலப்படக்கலை இரண்டுக்கும் பொது.

முதலில் காலநிலையியலைக் கேட்போம். நொய்யல், கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலையின் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கு இதுவே காரணம். திருப்பூரின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 600 மில்லிமீட்டரே. எனவே நொய்யலில் ஆண்டின் பல மாதங்களுக்கு நல்ல வெள்ளம் இராது.

நிலத்தடியிலோ கடினமான நைஸ் பாறை. மணற்பாங்கான நிலத்தைப் போல இது நீரைத் தாராளமாகச் சேமிப்பதில்லை. மேலே சிதைந்த அடுக்கிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். இது நீரியல் கூறும் செய்தி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இத்தகைய வறண்ட நிலத்தில் பனியன் தொழில் எப்படி வளர்ந்தது? இது பொருளாதாரப் புவியியலின் வினா. கரிசல் மண்ணும் கிணற்றுப் பாசனமும் பருத்தியைத் தந்தன. இரயில் பாதை சந்தையைத் தந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோவை வட்டாரத்து ஆலைகளுக்கு மின்சாரம் கிடைத்தது. 1980களுக்குப் பின் ஏற்றுமதி பெருகியது. வெள்ளைப் பனியன் மட்டும் நெய்த ஊருக்கு வண்ணத் துணியும் தேவைப்பட்டது. சாயப்பட்டறைகள் ஆற்றோரமாகப் பெருகின.

இவ்விடத்தில் இயற்பியல் சற்றுக் குறுக்கிட வேண்டும். நீரில் நனைந்த பருத்தி இழை எதிர் மின்னூட்டம் பெறுகிறது. ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறும் நீரில் எதிர் மின்னூட்டம் உடையது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த விலக்கத்தைத் தணிக்கவே சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் ஆகலாம். கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான்! சாயம் துணியில் ஏறும். உப்பு ஏறாது. போட்ட உப்பில் ஏறக்குறைய அத்தனையும் கழிவுநீரில் வெளியேறும். நிறத்தை நீக்குவது எளிது. கரைந்த உப்பு வடிகட்டியில் நிற்காது. ஆற்று நீரின் நிறத்தைப் பார்த்தே பலரும் மாசை அளந்தார்கள். பயிரைக் கெடுத்ததோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு.

அணை அந்த நீரைத் தேக்கியது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாக, உப்பு பின்தங்கியது. முன்னர்க் கூறிய பாறை வெடிப்புகளின் வழியே அது சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள்ளும் இறங்கியது.

அரசியல் புவியியலுக்கும் இங்கே பங்கு உண்டு. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை நகரம் கோவை மாவட்டத்தில் இருந்தது. அணை ஈரோடு மாவட்டத்தில். அணையை நம்பிய வயல்களில் பெரும்பகுதி கரூர் மாவட்டத்தில். ஆதாயம் ஓரிடம், இழப்பு வேறிடம். ஆற்றுக்கு மாவட்ட எல்லை தெரியாது. தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்தும் வேலை தேடி இங்கு வந்தோரை ஆராய்வது மக்கள்தொகைப் புவியியல். அதே நொய்யல் கரையில், கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்மணி செய்து விற்றவர்களை ஆராய்வது வரலாற்றுப் புவியியல். அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதன்பின் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை வேரூன்றியது. சவ்வுகளின் வழியே நீரை அழுத்திப் பிரித்து, மீதியைக் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். மீண்டும் பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிகிறது. அதை எங்கே வைப்பது என்பது மறுபடியும் ஒரு புவியியல் கேள்விதான்.

நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிய உப்பைக் கழுவ மழைநீரே வேண்டும். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழையும் குறுகலான பாறை வெடிப்புகளும் உள்ள நிலத்தில் அது மெதுவாகத்தான் நடக்கும்.