உங்க தெரு வீட்டுமனையா, கடைத்தெருவா? திருச்சியில் அதை முடிவு செய்வது யார்?

ஸ்ரீரங்கத்தில் உங்கள் பக்கத்து வீட்டை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிங், குப்பை, ராத்திரி சத்தம் எல்லாம் உங்கள் வாசலுக்கு வரும். பெரும்பாலானவர்கள் முதலில் போன் போடுவது வார்டு கவுன்சிலருக்குத்தான். ஆனால், அங்கே லாட்ஜ் வரலாமா கூடாதா என்பது கவுன்சிலர் கையில் இல்லை. அது ஒரு வரைபடத்தில் இருக்கிறது.

அது என்ன வரைபடம்?

மாஸ்டர் பிளான். அரசு ஆவணங்களில் 'முழுமைத் திட்டம்'. 1971-ம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி தயாராவது. குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று ஒவ்வொரு சர்வே எண்ணும் ஏதாவது ஒரு வகைக்குள் வரும். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம் என நிறம் தீட்டியிருப்பார்கள். எவ்வளவு கட்டலாம் என்பதை 2019-ல் வந்த கட்டட விதிகள் சொல்லும்; எதற்காகக் கட்டலாம் என்பதை இந்த நிறம் சொல்லும்.

சில இடங்களில் இதற்கும் மேலே ஒரு விதி உண்டு. மலைக்கோட்டை குடைவரைகள் மாதிரி மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும்.

மாநகராட்சிக்கு என்ன வேலை?

1994-ல் திருச்சி மாநகராட்சி ஆனபோது ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் அதில் இணைந்தன. இன்று 65 வார்டுகள். அதற்கு முந்தைய ஆண்டு நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், உள்ளாட்சிகளிடம் கொடுக்கலாம் என்று பட்டியல் போட்ட 18 வேலைகளில் முதல் இரண்டே நகரமைப்பும் நில உபயோக ஒழுங்குமுறையும்தான். ஆனால், கொடுப்பதா வேண்டாமா என்பதை மாநில அரசிடமே விட்டுவிட்டது.

அதனால் தமிழ்நாட்டில் மாஸ்டர் பிளானைத் தயாரிப்பது அரசு அமைக்கும் திட்டக் குழுமம்; ஒப்புதல் தருவது அரசு. சின்னக் கட்டடங்களுக்கு அனுமதி தருவது மாநகராட்சி. ஒரு மனையின் வகையை மாற்றக் கேட்டு யாராவது விண்ணப்பித்தால், மாமன்றத்தின் தீர்மானத்தையும் கேட்பது வழக்கம். அஜெண்டாவில் அது வெறும் சர்வே எண்ணாகத்தான் இருக்கும். அது எந்தத் தெரு, யார் வீட்டுப் பக்கம் என்று படிக்கிற கவுன்சிலர் இருந்தால்தான் அங்கே கேள்வி எழும்.

ஏன் இப்போ கவனிக்கணும்?

இரண்டு காரணம். ஒன்று, பஞ்சப்பூரில் 2025 மே மாதம் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பஸ் ஸ்டாண்ட் போகும் இடத்துக்குக் கடையும் லாட்ஜும் பின்னாலேயே போகும். வயலும் வீட்டுமனையும் வணிக நிலமாகச் சொல்லி மனுக்கள் வரும்.

இரண்டு, 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனடி அனுமதி வாங்கலாம். நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. அதே சமயம், கட்டட அனுமதி வேகமாக வேகமாக, அக்கம்பக்கத்தார் பேசுவதற்கான இடம் வரைபடக் கட்டத்துக்கே நகர்ந்துவிடுகிறது.

மாற்றமே கூடாதா?

அப்படியும் இல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு வரும் கூட்டத்துக்குத் தங்க அறை வேண்டும். கீழே ஒரு கடை வாடகைக்கு விட்டால்தான் பழைய வீட்டை மராமத்து பார்க்க முடியும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். எந்தத் தெருவில், எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை அங்கே குடியிருப்பவர்களும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

நாம என்ன செய்யலாம்?

* உங்கள் சர்வே எண்ணைச் சொல்லி, நிலம் எந்த வகையில் இருக்கிறது என்று திட்டக் குழும அலுவலகத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.
* மாஸ்டர் பிளான் வரைவு வெளியானால், ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். "எங்க ஏரியா கெட்டுப்போகும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். சர்வே எண், தெருவின் அகலம், சாக்கடை, தண்ணீர் நிலவரம் என்று குறிப்பாக எழுதுங்கள்.
* நில உபயோக மாற்ற அறிவிப்புகள் நாளிதழ்களில் சின்ன எழுத்தில் வரும். கண் வையுங்கள்.
* 2022-ல் தொடங்கிய ஏரியா சபைக் கூட்டங்களில் இதைக் கேள்வியாக எழுப்புங்கள்.

தூண் எழும்பிய பிறகு கோர்ட்டுக்கு அலைந்தால் வருஷக்கணக்கில் ஆகும். வரைவு கையில் இருக்கும்போது மனு எழுத ஒரு மாலை நேரம் போதும்.