பூனைக்காலி: தொட்டால் விடாத சரக்கு



மிருகத்தைப் போல வேஷம் போட்டு, தொட்டவனைத் திருப்பித் தாக்கும் செடி என்றால், விட்டலாச்சார்யா படத்துக் கதை என்பீர்கள். நம் தொப்பூர்ப் பக்கத்து மலையோர வேலிகளில் அப்படி ஒரு கொடி படர்கிறது. அதன் விதை நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் இருக்கிறது. அதுதான் பூனைக்காலி.

கொத்தாகத் தொங்கும் காய் வளைந்து, பழுப்பு ரோமம் போர்த்தி, பூனையின் பாதம் போலவே இருக்கும். அந்த ரோமம்தான் சுணை. ஊசி போலத் தோலில் ஏறும். அதிலுள்ள 'மியூகுனைன்' என்ற பொருள் தாங்க முடியாத அரிப்பை உண்டாக்கும். வடமொழியில் இதற்குக் 'கபிகச்சு', அதாவது குரங்குச் சொறி என்றே பெயர்.

பல ஆண்டுகளுக்கு முன் விலை மலிவு என்று, காய்த்தோல் கலந்த சரக்கு இரண்டு மூட்டை கொள்முதல் செய்தேன். இறக்கிய பையன் சொறிய ஆரம்பித்தான். வேலைக்குச் சோம்பல் என்று திட்டிவிட்டேன். மாலையில் அவன் கழுத்தும் முதுகும் தடித்துச் சிவந்திருந்ததைப் பார்த்த பிறகே புத்தி வந்தது. மூட்டைக்கு மிச்சம் பிடித்தது 60 ரூபாய். வைத்தியச் செலவு அதைவிட அதிகம். பையன் திரும்ப வேலைக்கு வரவில்லை. அந்தக் கணக்கு இன்றுவரை எனக்கு நேராகவில்லை.

இத்தனை காவலும் உள்ளே இருக்கும் விதைக்காகத்தான். 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் இந்த விதையிலிருந்து 'எல்-டோபா' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய்க்கு 1960-களிலிருந்து டாக்டர்கள் கொடுத்துவரும் மருந்தும் அதே பொருள்தான்.

ஆகவே உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. காய்த்தோல், தூசி கலந்த சரக்கு வேண்டாம். சுத்தம் செய்த விதையை மட்டும் வாங்குங்கள்.

2. மூட்டையின் மேல் சரக்கின் பெயரை எழுதுங்கள். இறக்குபவருக்கு முன்கூட்டியே சொல்லி, கையுறையும் முழுக்கைச் சட்டையும் கொடுங்கள்.

3. சுணை பட்டால் தேய்க்கவோ சொறியவோ கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, உடுத்திய துணியை மாற்ற வேண்டும். கண்ணில் பட்டால் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள்.

4. நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் விதை கேட்டு வந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு வியாபாரம் போனால் போகட்டும்.

செடி தன் விதையைக் காத்துக்கொள்கிறது. நம் மூட்டையைச் சுமக்கிறவனை நாம்தான் காக்க வேண்டும்.