சோபாவை மாத்தணுமா, குஷனை மாத்தினா போதுமா?

தென்காசி, குற்றாலம் பக்கம் நிறைய வீடுகள்ல ஒரு தேக்கு சோபா இருக்கும். கல்யாணச் சீரா வந்தது, இல்ல பால் காய்ச்சினப்போ வாங்கினது. மரம் கல்லு மாதிரி அப்படியே இருக்கு. உட்கார்ந்தாதான் பலகை இடிக்குது, முட்டி வலிக்கிற அம்மாவுக்கு எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியிருக்கு.

மத்தளம்பாறையில 2011-ல சோஹோ வந்த பிறகு, ஊர்லயே இருந்து ஐடி சம்பளம் வாங்குற தலைமுறை ஒண்ணு இங்க உருவாகியிருக்கு. அவங்க முதல் யோசனையே "இதைத் தூக்கிப் போட்டுட்டு நோ காஸ்ட் ஈஎம்ஐல புதுசு எடுத்துருவோம்"தான். எடுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கணக்கைப் பார்த்துருங்க.

ஒரு பேச்சுக்கு, புது சோபா 40,000 ரூபாய், 12 மாசத் தவணை, வங்கி போடுற வட்டி 15%னு வைங்க. கடைக்காரர் அந்த வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சுடுவார். அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். இந்தக் கணக்குல அதுவே 500 ரூபாயைத் தாண்டும். பிராசஸிங் கட்டணம், அதுக்கு ஒரு ஜிஎஸ்டி, இதெல்லாம் தனி. மொத்தப் பணமாக் கொடுத்தா கிடைச்சிருக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு. ஜீரோ வட்டின்னு ஒண்ணு உண்மையில கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சொல்லிருச்சு.

இப்போ பழைய சோபாவுக்கு வருவோம். முதல்ல குஷனை எடுத்துட்டு சட்டத்தைப் பாருங்க. கரையான் அரிச்சிருந்தா, இல்ல மரத்தூள் பலகை தண்ணி குடிச்சு உப்பியிருந்தா விட்டுருங்க, அதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். சட்டம் கெட்டியா இருந்தா உங்களுக்குத் தேவை ஃபோம், துணி, ஜிப், தையல் கூலி, அவ்வளவுதான். இந்த நாலுக்கும் தனித்தனியா விலை கேளுங்க. "மொத்தமா ஒரு ரேட்"னு சொன்னா பெரும்பாலும் ஃபோம்லதான் கைவரிசை நடக்கும்.

ஃபோம் கடையில 32 டென்சிட்டி, 40 டென்சிட்டின்னு சொல்வாங்க. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிறதுதான் அந்த நம்பர். அழுத்திப் பார்த்து "நல்லா ஹார்டா இருக்கு"ன்னு வாங்காதீங்க. ஹார்டா இருக்கிறது வேற, டென்சிட்டி வேற. எத்தனை வருஷம் அமுங்காம இருக்கும்கிறதை டென்சிட்டிதான் பெரும்பாலும் முடிவு பண்ணும். உட்கார்ற குஷனுக்கு 40, சாயற குஷனுக்கு 32 போதும். ரெண்டுக்கும் 40 போடுறது காசைக் கரைக்கிற வேலை.

சொன்ன டென்சிட்டிதான் கொடுத்தாங்களான்னு எப்படித் தெரியும்? தராசு போதும். நீளம், அகலம், உயரத்தை இன்ச்ல பெருக்கி, 61,024-ஆல வகுத்து, டென்சிட்டியால பெருக்குங்க. 22 × 22 × 4 இன்ச் குஷன்னா, 40 டென்சிட்டிக்கு சுமார் 1 கிலோ 270 கிராம் வரணும். ஒரு கிலோ பக்கம்தான் நிக்குதுன்னா அது 32. சிலது சுண்ணாம்புத்தூள் கலந்து எடை காட்டும். ஓரத்தைக் கிள்ளித் தேய்ச்சுப் பாருங்க, மாவா உதிர்ந்தா வேண்டாம். துண்டு ஃபோமை ஒட்டிச் செய்யுற ரீபாண்டட் ஃபோம் எடை அதிகமாவே இருக்கும், அதை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க.

இலவம் பஞ்சு வைக்கலாமேன்னு வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. தப்பான யோசனை இல்ல. போடிநாயக்கனூர் பஞ்சுக்கு இன்னைக்கும் பேர் இருக்கு. அந்த நாரு உள்ளே வெற்றா, மேல மெழுகுப் பூச்சோட இருக்கும், தண்ணி சீக்கிரம் ஏறாது. செயற்கைப் பொருள் வர்றதுக்கு முன்னாடி கப்பல்ல உயிர் காக்கும் அங்கிக்குள்ள அடைச்சதும் இதைத்தான். ஆனா உட்கார உட்கார கட்டி தட்டும், அப்பப்போ வெயில்ல போட்டு அடிச்சு எடுக்கணும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலத்துல வெயிலுக்கு எங்க போறது? சாயற குஷனுக்கும் தலையணைக்கும் பஞ்சு, உட்கார ஃபோம். இது என் கட்சி.

நம்ம ஊர்ல குஷனுக்கு உண்மையான எதிரி சாரல்தான். ஈரம் ஏறினா பூஞ்சை, அப்புறம் அந்த நாத்தம். பழைய பாய்மரப் படகு வச்சிருக்கிறவங்களுக்கும் இதே தலைவலி உண்டு. குஷனுக்கு அடியில காத்து போகலன்னா ஈரம் அங்கேயே தங்கிடும். அதனால அவங்க கட்டையை இடைவெளி விட்டு அடிப்பாங்க. உங்க சோபா அடியில முழு பிளைவுட் இருந்தா, ஆசாரியைக் கூப்பிட்டு ஏழெட்டு ஓட்டை போடச் சொல்லுங்க. சின்ன வேலைதான்.

துணி விஷயத்துல ரெக்சின் துடைக்க ஈஸி, ஆனா ஈரத்தை உள்ளேயே அடைச்சு வைக்கும். கரூர் பக்கம் நெய்யுற கெட்டியான பருத்தித் துணி நல்ல தேர்வு. 54 இன்ச் அகலத் துணியில, மேல சொன்ன அளவு குஷன் ஒண்ணுக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாத்தான் பிடிக்கும். தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அலசிருங்க, இல்லன்னா முதல் துவைப்புல சுருங்கும். பழைய உறையைப் பிரிச்சு டெய்லர்கிட்ட கொடுத்தா அதுவே அளவு. ஃபோமை உறையை விட அரை இன்ச் பெருசா வெட்டச் சொல்லுங்க, அப்பதான் சுருக்கம் விழாம விறைப்பா நிக்கும்.

மொத்தத்தையும் ஒரே மாசத்துல பண்ணணும்னு இல்ல. 3+1+1 சோபான்னா, சம்பளம் வந்ததும் அம்மா உட்கார்ற ஒத்தை சீட்டை முதல்ல மாத்துங்க. மீதியை அடுத்தடுத்த மாசத்துல பார்த்துக்கலாம். மார்ச்ல ஆரம்பிச்சா, சாரல் விழுறதுக்குள்ள அஞ்சும் முடிஞ்சிரும்.