நிக்காஹ் தப்தரிலிருந்து நேர்காணல் வரை

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மணமகனுக்கு மகளை நிக்காஹ் செய்து கொடுத்துவிட்டு, "சில மாதங்களில் போய்விடுவாள்" என்று உறவினரிடம் சொல்லும் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. ஆண்டொன்று கழிந்தும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள். ஊரார் வாயும் சும்மா இராது. இத்தாமதத்திற்கு அரசாங்கத்தின் நீண்ட வரிசை ஒரு காரணம் என்றால், நாம் சேர்த்து வைக்கத் தவறிய பத்திரங்கள் மற்றொரு காரணம். முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் கையில்தான் இருக்கிறது.

நடைமுறையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். கணவர் அங்கே ஐ-130 என்னும் மனுவைத் தாக்கல் செய்வார். அது ஏற்கப்பட்டபின், அந்நாட்டின் தேசிய விசா மையம் பத்திரங்களைச் சரிபார்க்கும். அதன் பிறகே நேர்காணல். நம் நாட்டவருக்கு அது பெரும்பாலும் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடைபெறுகிறது. அங்கே அதிகாரி அறிய விரும்புபவை இரண்டு: இத்திருமணம் சட்டப்படி செல்லுமா? இது உண்மையான இல்லறம்தானா?

முதல் கேள்விக்கான விடை நிக்காஹ் மஜ்லிஸிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. தப்தரில் மணமகளின் பெயர் 'நூர்ஜஹான்' என்றும், பாஸ்போர்ட்டில் 'நூர்ஜஹான் பேகம்' என்றும், பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமலும் இருந்தால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் மகள் மீது விழும். ஆகவே கையெழுத்திடும் முன்பே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜமாஅத்தின் சான்றோடு நின்றுவிடவும் வேண்டாம். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், திருமணமான 90 நாட்களுக்குள் அதைப் பதிவு செய்யச் சொல்கிறது. கடனையே எழுதி வைத்துச் சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பெண்ணின் வாழ்வை எழுதி வைப்பதில் நமக்கென்ன தயக்கம்?

தொலைபேசி வழியாகவோ, மணமகன் ஊரில் இல்லாமல் வக்கீல் மூலமாகவோ நடக்கும் நிக்காஹ்வில் தனிக் கவனம் தேவை. மணமக்கள் நேரில் கூடியிராமல் நடந்த திருமணத்தை, அதன்பின் இருவரும் தாம்பத்திய வாழ்வைத் தொடங்கியிருந்தால் மட்டுமே அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்கிறது. நிக்காஹ்வுக்குப் பின் கணவர் ஊர் வந்து சென்றதைக் காட்டும் விமானச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இருவரில் எவருக்கேனும் முன்பு திருமணம் நடந்திருப்பின், அது முறிந்ததற்கான அல்லது முந்தைய துணை மரணமடைந்ததற்கான பத்திரம் வேண்டும். "தலாக் ஆகிவிட்டது" என்ற வாய்ச்சொல் அங்கே செல்லாது. முதல் மணம் நீடிக்கையில் செய்த இரண்டாம் மணத்தின் பேரில் விசா கிடைக்காது. இதைச் சம்பந்தம் பேசும்போதே கேட்டுவிடுவது பெண்ணைப் பெற்றவரின் கடமை.

இரண்டாவது கேள்விக்கு வாழ்க்கையே சாட்சி. இரு குடும்பத்தாரும் சேர்ந்திருக்கும் புகைப்படங்கள், தொலைபேசி உரையாடல் பதிவுகள், பணம் அனுப்பிய ரசீதுகள் போன்றவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். சம்பந்தத்தைப் பேசி முடித்தவர் யார், கணவரின் தொழில் என்ன, உடன்பிறந்தார் எத்தனை பேர் என்பன போன்ற கேள்விகளுக்குப் பெண் தன் வாயாலேயே விடை சொல்ல வேண்டும். மனப்பாடம் வேண்டாம், உண்மை போதும். தமிழிலுள்ள பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, சரியானது என்னும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் தேவை. காவல்துறை நற்சான்று, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றோடு அசல் பத்திரங்கள் யாவும் கையில் இருக்கட்டும்.

கணவர் கையெழுத்திடும் ஐ-864 என்னும் ஆதரவு உறுதிமொழியைப் பெண்வீட்டார் பலர் படித்துப் பார்ப்பதே இல்லை. அவருடைய வருமானம் அந்நாட்டு வறுமை அளவுகோலில் பொதுவாக 125 சதவீதமாவது இருக்க வேண்டும். வருமானம் குறைந்தால், தகுதியுள்ள வேறொருவர் கூட்டாகப் பொறுப்பேற்கலாம். மணமுறிவு நேர்ந்தாலும் அந்தப் பொறுப்பு தானாக நீங்கிவிடாது. அதன் பிரதியொன்று உங்கள் மகளிடம் இருப்பது நலம்.

வேலை விரைவில் முடியும் என்று தேதியை மாற்றியோ, முந்தைய மணத்தை மறைத்தோ எழுதச் சொல்வோர் வருவார்கள். செவிசாய்க்காதீர்கள். பொய்ச் சான்று வெளிப்பட்டால் அந்நாட்டின் கதவு நிரந்தரமாகவே அடைபடக்கூடும்.

இறுதியாக ஒன்று. அமெரிக்க மண்ணில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டாண்டு நிறைவடையாதிருந்தால், கிடைப்பது இரண்டாண்டுக்கான நிபந்தனைக் குடியுரிமம் மட்டுமே. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களில் இருவரும் சேர்ந்து ஐ-751 மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். மணமுறிவு நேர்ந்தாலோ, கணவர் கொடுமைப்படுத்தினாலோ, மனைவி தனியாகவே அம்மனுவை அளிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அப்போது அவளுக்குத் துணை நிற்பவை இல்லறம் உண்மையானது என்று காட்டும் பத்திரங்களே.

எனவே பெற்றோரே, மகளின் பெட்டியில் நகையையும் பட்டையும் வைக்கும்போது, எல்லாப் பத்திரங்களின் பிரதிகளையும் ஒரு கோப்பில் கட்டி அவள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். மற்றொரு தொகுதி உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். கடல் கடந்து செல்லும் பெண்ணுக்கு அதுவும் ஒரு சீதனமே.