தன்னையே மறந்த கடல் இளவரசன்!

ஸ்பைடர்மேன், சூப்பர்மேன் எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். தன் பெயரையே மறந்துபோன ஒரு சூப்பர் ஹீரோவைத் தெரியுமா?

அவன்தான் நேமோர். கடலுக்கு அடியில் உள்ள அட்லாண்டிஸின் இளவரசன். தண்ணீருக்குள்ளும் மூச்சு விடுவான், கரையிலும் மூச்சு விடுவான். கணுக்காலில் குட்டிக் குட்டிச் சிறகுகள் வேறு! பில் எவரெட் என்ற அமெரிக்க ஓவியர் 1939-ல் இவனைப் படைத்தார். 1955-க்குப் பிறகு அவன் கதைகள் நின்றுபோயின. படித்தவர்களும் மறந்துவிட்டார்கள்.

1962-ல் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' சித்திரக்கதையின் 4-வது இதழில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எப்படி என்று கேளுங்கள்.

அந்த நால்வர் குழுவில் சின்னவன் ஜானி. உடம்பைத் தீயாக்கிக்கொண்டு பறப்பவன். குழுவோடு கோபித்துக்கொண்டு ஓடிவிடுகிறான். மற்ற மூவரும் நியூயார்க் நகரம் முழுக்கத் தேடுகிறார்கள். அவனோ பவரி என்ற பகுதியில், ஏழைகள் தங்கும் மலிவான விடுதியில் ஒளிந்திருக்கிறான். அங்கே ஒரு பழைய புத்தகம் கிடைக்கிறது. அது நேமோரின் சித்திரக்கதை!

"இவனைப் போலவே பலசாலி ஒருத்தன் இங்கேயும் இருக்கிறான்" என்கிறார்கள் விடுதிக்காரர்கள். பார்த்தால், பரட்டைத் தலையும் தாடியுமாக ஒருவன். வம்புக்குப் போனவர்களைத் தூக்கி வீசுகிறான். 'நீ யார்?' என்று கேட்டால் மட்டும் பதில் தெரியவில்லை. ஜானி தன் விரல் நெருப்பாலேயே அவனுக்குச் சவரம் செய்துவிடுகிறான். அடடா, புத்தகத்தில் பார்த்த அதே முகம்! தூக்கிக்கொண்டு பறந்து, கடலில் போடுகிறான். தண்ணீர் பட்டதும் எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

(நம் சினிமாவில் தலையில் ஒரு அடி பட்டால் மறதி வரும், இன்னொரு அடி பட்டால் போய்விடும். நிஜத்தில் இரண்டாவது அடி மூளையை இன்னும் கெடுக்கும். யாரையும் கடலில் தள்ளியும் பார்க்காதீர்கள்!)

நேமோர் ஆசையோடு வீட்டுக்கு நீந்திப் போகிறான். அங்கே வீடே இல்லை. மனிதர்கள் நடத்திய அணுகுண்டு சோதனையில் அவன் நகரம் இடிந்து கிடக்கிறது, மக்களைக் காணோம். மறந்தே இருந்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றும். கோபத்தில் அவன் ஒரு ராட்சதக் கடல் விலங்கை எழுப்பி நியூயார்க் மேல் ஏவுகிறான். நால்வரும் போராடித்தான் ஊரைக் காப்பாற்றுகிறார்கள். ஆனாலும் அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால், அந்தச் சோதனைகள் கற்பனை இல்லை. பசிபிக் கடலில் பிகினி என்ற பவளத்தீவு இருக்கிறது. 1946-ல் அங்கே வாழ்ந்த 167 பேரை அமெரிக்கா வெளியேற்றியது. 1958 வரை அங்கே 23 அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது.

நேமோர் 1963-ல் வந்த கதையிலேயே தன் மக்களைக் கண்டுபிடித்துவிட்டான். பிகினி மக்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் வேறு ஊர்களில்தான் வசிக்கிறார்கள்.