சோதிக்கப்படாத இரண்டாவது மையம்

ஒரு நிறுவனம் தன் கணக்கு, கொள்முதல், விற்பனை, வாடிக்கையாளர் சேவை ஆகிய அனைத்தையும் புதிய மென்பொருள்களின் மேல் அமைத்துக்கொள்வதை வணிக உலகில் டிஜிட்டல் மாற்றம் என்கிறார்கள். கேட்பதற்கு ஒரே வேலையாகத் தோன்றினும் இதற்குள் இருவேறு வேலைகள் அடங்கியுள்ளன: புதிய மென்பொருளை எழுதுவது ஒன்று; ஒரு நாளும் நிறுத்த முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் தொழிலைப் பழைய மென்பொருளிலிருந்து இறக்கிப் புதியதன் மேல் ஏற்றுவது மற்றொன்று. பெருந்திட்டங்கள் பல இந்த இரண்டாவது வேலையில்தான் இடறியிருக்கின்றன. ஏனெனில் அங்கே மென்பொருளின் தரம் என்பது நிரல் பிழையின்றி எழுதப்பட்டதா என்ற கேள்வியோடு முடிவதில்லை. உண்மையான கூட்டம் உண்மையான நாளில் வந்து நிற்கும்போது அது தாங்கும் என்பதற்கு யாரிடம் என்ன சான்று இருக்கிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் பட்ட பாடு, இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காணாமலே நாள் குறித்ததன் விளைவாகும்.

2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் அரசின் உதவியால் மீட்கப்பட்ட லாயிட்ஸ் வங்கிக் குழுமம், அந்த உதவிக்கு ஈடாகத் தன் கிளைகளில் ஒரு பகுதியைப் பிரித்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை விதித்தது. அவ்வாறு 2013இல் தனி வங்கியாகப் பிரிந்த டிஎஸ்பியை 2015இல் ஸ்பெயின் நாட்டின் சபாடெல் வங்கி ஏறத்தாழ 170 கோடி பவுண்டுக்கு வாங்கியது. உடைமை மாறியதே தவிர, கணினி அமைப்பு மாறவில்லை. லாயிட்ஸின் பழைய அமைப்பையே வாடகை கொடுத்துப் பயன்படுத்த வேண்டிய நிலையில் டிஎஸ்பி இருந்தது. அதிலிருந்து வெளியேறுவதற்கான செலவுக்கென லாயிட்ஸ் 45 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டிருந்தது. சபாடெல் தன் நாட்டில் பயன்படுத்தி வந்த புரோட்டியோ என்ற அமைப்பைப் பிரிட்டனுக்கு ஏற்றவாறு மாற்றி அமைக்கும் பொறுப்பு, அதன் தகவல்தொழில்நுட்பத் துணை நிறுவனமான சபிஸ் வசம் விடப்பட்டது. காரணம், பணம், கருவி, ஆள் என எல்லாம் கைவசம் இருந்த திட்டம் இது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2018 ஏப்ரல் 20ஆம் நாள் வெள்ளிக்கிழமை தொடங்கிய இடமாற்றம் 22ஆம் நாள் ஞாயிறு மாலை முடிந்து, வங்கியின் வாயில் திறக்கப்பட்டது. 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குத் தரவுகள் பெரும்பாலும் பழுதின்றியே புதிய இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. இடமாற்றம் என்றவுடன் எல்லோரும் அஞ்சுவது தரவு சிதறிவிடுமோ என்றுதான். அந்த அச்சம் இங்கே மெய்ப்படவில்லை. வந்து சேர்ந்த தரவைத் தாங்கி நிற்க வேண்டிய மேடைதான் ஆடியது. ஒரு கட்டத்தில் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள். சிலருக்குப் பிறருடைய கணக்கு விவரங்கள் திரையில் தோன்றின. கிளைகளிலும் தொலைபேசிச் சேவையிலும் கூட்டம் நிரம்பி வழிந்தது. குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்ட மோசடிக்காரர்கள் சுமார் 1,300 வாடிக்கையாளர்களின் பணத்தைச் சுருட்டினார்கள் என்று வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி பால் பெஸ்டர் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பதவி விலகினார். வங்கி வழக்கமான நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆயிற்று. அந்த ஆண்டு மட்டும் இடமாற்றத்தின் பின்விளைவுகளுக்காக வங்கி செலவிட்டது 33 கோடி பவுண்டு. 80,000 வாடிக்கையாளர்கள் வேறு வங்கிகளுக்குச் சென்றுவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன என்று ஆராய வங்கியின் இயக்குநர் குழுவே நியமித்த ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் 2019 நவம்பரில் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. அதில் கூறப்பட்டுள்ள ஒரு செய்தி, மென்பொருள் சோதனை பற்றிய பாடநூல்கள் பலவற்றைவிட அதிகம் கற்பிக்கக்கூடியது. புதிய அமைப்பு இரண்டு தரவு மையங்களில், அதாவது சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகள் அடுக்கி வைக்கப்பட்ட இரண்டு கட்டடங்களில், ஒரே நேரத்தில் இயங்கி வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுமாறு வடிவமைக்கப்பட்டிருந்தது. ஒரு மையம் விழுந்தால் மற்றது தாங்கும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் உள்ளே வந்தால் அமைப்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் செயற்கையாக நெரிசல் உண்டாக்கி அளப்பதைச் சுமைச் சோதனை என்பார்கள். அச்சோதனை இரண்டு மையங்களில் ஒன்றில் மட்டுமே நடத்தப்பட்டது. இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் அமைக்கப்பட்டவை என்பதால் ஒன்றைச் சோதித்தாலே போதும் என்று கருதப்பட்டது. உண்மையில் அவை ஒன்றுபோல் இல்லை. இரண்டையும் சோதித்திருந்தால் அந்த வேறுபாடு வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்கு முன்பே பொறியாளர் கண்ணில் பட்டிருக்கும்.

எனினும் சோதனையை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிட முடியாது. சோதனையைச் சுருக்கியது எது என்பதையும் பார்க்க வேண்டும். எந்தெந்த வேலை எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கூட்டிப் பார்த்து முடிவு நாளைக் கண்டடைவது ஒரு முறை; முடிவு நாளை முதலில் குறித்துவிட்டு அதற்குள் வேலைகளைத் திணிப்பது இன்னொரு முறை. டிஎஸ்பியின் திட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முதலில் 2017 நவம்பர் என்று குறிக்கப்பட்ட நாள் தவறிப்போனபோதும், திருத்திய திட்டம் மறுபடியும் ஒரு நாளைச் சுற்றியே பின்னப்பட்டது. கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுபோல் மென்பொருளுக்கும் நாள் குறிக்கும் இப்பழக்கம் உலகெங்கும் உள்ளதுதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: முகூர்த்த நாளில் சமையல் தாமதமானால் விருந்தினர் சற்றுக் காத்திருப்பார்கள், வங்கியில் சம்பளப் பணத்துக்குக் காத்திருப்பவர் அவ்வாறு பொறுப்பதில்லை. நாள் நெருங்க நெருங்க, கடைசி வரிசையில் நிற்கும் வேலையாகிய சோதனையே குறுக்கப்படுகிறது. நிரல் எழுதும் வேலையைப் பாதியில் விட்டால் அக்குறை உடனே கண்ணுக்குத் தெரியும். சோதனையைப் பாதியில் விட்டால் எதுவும் தெரியாது, ஒரு நாள் வரை.

மற்றொரு குறை, மாற்றம் முழுவதும் பெரும்பாலும் ஒரே வார இறுதியில் ஒட்டுமொத்தமாகச் செய்யப்பட்டது. ஒரு சிறு பிரிவு வாடிக்கையாளர்களை முதலில் மாற்றி, சில வாரங்கள் கவனித்து, பிறகு அடுத்த பிரிவை மாற்றும் படிப்படியான முறையில் செலவும் காலமும் கூடும். பழைய அமைப்பும் புதிய அமைப்பும் சில மாதங்கள் அருகருகே ஓட வேண்டியிருப்பதால் இரண்டின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று நாள்தோறும் சரிபார்க்கும் தொல்லையும் உண்டு. ஆயினும் அந்த முறையில் நேரும் தவறு சில ஆயிரம் பேரைத் தொடுவதோடு நின்றுவிடும். திரும்பிச் செல்லும் வழியும் திறந்தே இருக்கும். பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு இருக்கிறது என்று திட்டத்தாளில் எழுதி வைப்பது வேறு; அதை ஒரு முறையாவது ஒத்திகை பார்த்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளந்து வைப்பது வேறு.

எல்லாவற்றிலும் நுட்பமான குறை, சொல்லில் இருந்தது. புதிய அமைப்பு தயாராகிவிட்டதா என்று டிஎஸ்பி கேட்டபோது, தயார்நிலையை உறுதி செய்து சபிஸ் கடிதம் கொடுத்தது. சபிஸ் தானே எல்லாவற்றையும் செய்யவில்லை. அது 85 வெளி நிறுவனங்களின் சேவையை நம்பியிருந்தது. அந்நிறுவனங்களில் முதன்மையானவை கொடுத்திருந்த உறுதிமொழிகளும் பெரும்பாலும் “தயாராகிவிடும்” என்ற எதிர்காலத்தில் இருந்தனவேயன்றி, “தயாராகிவிட்டது, இதோ சோதனை முடிவுகள்” என்ற இறந்தகாலத்தில் இல்லை. கீழ்த்தட்டில் எதிர்காலத்தில் சொல்லப்பட்ட ஒரு வினைச்சொல், மேலே ஏற ஏற நிகழ்காலமாக மாறி, இயக்குநர் குழுவின் மேசையை அடையும்போது முடிந்துபோன செயலாகத் தோற்றமளித்தது. கோளாறு வெடித்தபின் அழைக்கப்பட்ட ஐபிஎம் நிறுவனமும், நேரடிப் பயன்பாட்டுக்குத் தயார் என்பதை மெய்ப்பிக்கும் கண்டிப்பான அளவுகோல்கள் பின்பற்றப்பட்டதற்கான சான்றைத் தாங்கள் காணவில்லை என்றே தன் முதற்கட்டக் குறிப்பில் எழுதியது.

இதற்கு மருந்து கருவியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. எந்தெந்தச் சோதனைகள் என்னென்ன முடிவைக் காட்டினால் வாயில் திறக்கப்படும் என்பதை, நாள் நெருங்கி மனம் பதறுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அதைச் சரிபார்ப்பவர் திட்டத்தை நடத்துபவருக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். “வேண்டாம், நிறுத்துங்கள்” என்று சொல்பவரின் வேலைக்கு அதனால் கேடு வராது என்ற நிலையும் இருக்க வேண்டும். இவற்றுள் மூன்றாவதுதான் அரிது.

பெரிய இடமாற்றங்களில் மட்டுமே இத்தகைய ஆபத்து உண்டு என்று நினைப்பது தவறு. அமெரிக்கப் பங்குச் சந்தையில் இயங்கிய நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1ஆம் நாளுக்குள் தன் வர்த்தக மென்பொருளின் புதிய பதிப்பை எட்டு சர்வர்களில் நிறுவ வேண்டியிருந்தது. ஏழில் நிறுவப்பட்டது, எட்டாவது விட்டுப்போயிற்று. செய்த வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறை அங்கே இல்லை. விட்டுப்போன சர்வரில் 2003ஆம் ஆண்டோடு பயன்பாட்டிலிருந்து நீங்கிய, ஆனால் அழிக்கப்படாமல் கிடந்த பழைய நிரல் ஒன்று இருந்தது. அதை இயக்கப் பயன்பட்ட குறியீட்டையே புதிய பதிப்பிலும் வேறொரு வேலைக்கு எடுத்தாண்டிருந்தார்கள். அந்த நாளில் சந்தை திறந்ததும் அந்தப் பழைய நிரல் உயிர்பெற்று, நிறுத்தத் தெரியாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்து, 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. தவறு எங்கே என்று தெரியாத பதற்றத்தில் பொறியாளர்கள் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய பதிப்பை நீக்கினார்கள். அதனால் ஒரு சர்வரில் இருந்த கோளாறு எட்டிலும் பரவியது. சந்தை திறப்பதற்கு முன்பே 97 தானியங்கி மின்னஞ்சல்கள் அந்தப் பழைய நிரலின் பெயரைச் சுட்டிப் பணியாளர்களுக்கு வந்திருந்தன. அவை எச்சரிக்கை என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

பயன்படாத நிரலை அழிக்காமல் விட்டு வைப்பது, பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்ட வேலைகளின் குவியலில் ஒன்று. மென்பொருள் துறையினர் இக்குவியலைத் தொழில்நுட்பக் கடன் என்பார்கள். கடன் என்ற சொல் பொருத்தமானதே, வட்டி கட்ட வேண்டிய நாள் மட்டும் முன்கூட்டித் தெரிவதில்லை. ஒரு மாற்றம் செய்தபின் முன்பு சரியாக இருந்தவை இன்னும் சரியாகத்தான் இருக்கின்றனவா என்று மறுபடியும் முழுவதையும் சோதிப்பதைப் பின்னடைவுச் சோதனை என்பார்கள். அதைக் கையால் செய்ய நாட்கணக்காகும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானே ஓடுமாறு நிரலாக எழுதி வைக்கிறார்கள். அவ்வாறே, சர்வர்களில் நிறுவும் வேலையையும் மனிதக் கையிலிருந்து எடுத்துத் தானியங்கியிடம் ஒப்படைத்தால், ஏழு மாறி ஒன்று மாறாமல் நிற்பது அரிதாகிவிடும்.

இவற்றுக்கு நேர்மாறாக, அவசரத்தால் அல்லாமல் முடிவின்றி நீள்வதால் நேரும் தோல்வியும் உண்டு. ஜெர்மனியின் லிடில் பல்பொருள் அங்காடிக் குழுமம் சாப் (SAP) நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு 2011இல் தொடங்கிய திட்டத்தைச் சுமார் 50 கோடி யூரோ செலவானதாகக் கணிக்கப்பட்ட நிலையில் 2018இல் கைவிட்டது. சரக்கிருப்பைச் சில்லறை விற்பனை விலையில் கணக்கிடுவது அம்மென்பொருளின் இயல்பு. லிடிலின் வழக்கமும் அதுவாக இல்லை, வழக்கத்தை மாற்ற அதற்கு மனமும் இல்லை. ஆகவே மென்பொருளை வளைக்கத் தொடங்கினார்கள்; வளைத்த ஒவ்வொரு இடமும் இன்னோரிடத்தில் வளைவை வேண்டி நின்றது.

அமைப்பு தாங்குமா என்ற கேள்வி இந்தியாவில் ஒழுங்குமுறை அமைப்பின் கைக்கு வந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளாகத் தொடர்ந்த சேவைத் தடைகளுக்குப் பின், 2020 நவம்பர் 21ஆம் நாள் முதன்மைத் தரவு மையத்தில் மின்சாரம் தடைப்பட்டு இணைய வங்கிச் சேவை நின்றபோது, ரிசர்வ் வங்கி டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கியின் புதிய டிஜிட்டல் முயற்சிகளையும் புதிய கிரெடிட் கார்டு வழங்கலையும் நிறுத்தி வைத்தது. தடை முழுவதும் நீங்க 2022 மார்ச் ஆயிற்று. 2024 ஏப்ரலில் கோட்டக் மகிந்திரா வங்கியும் இதுபோன்ற தடைக்கு உள்ளாயிற்று. வெளி நிறுவனங்களிடம் தகவல்தொழில்நுட்ப வேலையை ஒப்படைப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023இல் வெளியிட்ட நெறிமுறை, வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வெளியே போகாது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது.

பிரிட்டனில் இந்தப் பொறுப்பு எப்படிச் செயலாகும் என்பதும் பின்னர் தெரிந்தது. 2022 டிசம்பரில் அந்நாட்டின் இரு ஒழுங்குமுறை அமைப்புகள் டிஎஸ்பிக்கு விதித்த அபராதம் சேர்ந்து 4.865 கோடி பவுண்டு. அதற்கு முன்பே வாடிக்கையாளர்களுக்கு 3.27 கோடி பவுண்டு இழப்பீடாகச் சென்றிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், வங்கியின் தகவல்தொழில்நுட்பத் தலைமை அதிகாரியாக இருந்த கார்லோஸ் அபார்க்கா மீது தனிமனிதர் என்ற முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. புதிய அமைப்பைக் கட்டியது அவர் அல்ல, சபிஸ்தான். சபிஸ் தயாராக இருக்கிறதா என்பதை உறுதிசெய்ய அவர் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பதே ஆணையில் கூறப்பட்ட குற்றம்.